எலிக்குக் குணமாகிறது, மனிதருக்கு எப்போது? புற்றுநோய் ஆராய்ச்சி பற்றிக் கேள்வி பதில்

புற்றுநோய் செல்களை வைத்து ஆய்வகத்தில் வேலை செய்பவள் நான். நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் இல்லை. "எனக்கு இந்த மாத்திரை எழுதியிருக்கிறார்கள், சாப்பிடலாமா?" என்பதற்கு உங்கள் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். நோய் எப்படி உண்டாகிறது, மருந்து எப்படி வருகிறது, செய்திகளில் எதை நம்புவது என்பதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் புற்றுநோய்க்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லையே, ஏன்?

பதில்: ஏனென்றால் அது ஒரே நோய் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. அவற்றில் சிலவற்றை நன்றாகவே கட்டுப்படுத்துகிறோம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதை 1960இல் பார்த்தார்கள். இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டதுதான் காரணம் என்று ஜேனட் ரௌலி 1973இல் கண்டுபிடித்தார். அந்த ஒட்டுவேலையில் பிறக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று மாத்திரைக்கு நோய் கட்டுப்படுபவர்களில் பலர் மற்றவர்களைப் போலவே வயதாகும் வரை வாழ்கிறார்கள். நாற்பத்தொரு வருடம் ஆனது உண்மை. ஆனால் அந்த நோய்க்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கோளாறுதான் அடிப்படை. நுரையீரல் கட்டியிலோ கணையக் கட்டியிலோ கோளாறுகள் பல, ஒரே கட்டிக்குள்ளேயே செல்லுக்குச் செல் மாறும்.

கேள்வி: மேடம், என் கணவருக்குப் புகை, குடி எதுவும் கிடையாது. தினமும் நடப்பவர். அவருக்கு ஏன் வந்தது? நான் சமைத்ததில் ஏதாவது தவறா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது.

பதில்: முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் சமையலால் வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. நம் உடலில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி எழுத்துகள் உள்ள டிஎன்ஏ என்ற ஒரு சுவடியை அந்தச் செல் படியெடுக்க வேண்டும். எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில பிழைகள் தங்கிவிடும். பெரும்பாலானவை தீங்கில்லாதவை. பல வருடங்களில் சில முக்கியமான இடங்களில் பிழைகள் சேர்ந்துவிட்டால், அந்தச் செல் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் பெருகுகிறது. புகையும் வெயிலும் சில வைரஸ்களும் பிழைகளைக் கூட்டுகின்றன. அவை இல்லாவிட்டாலும் பிழை நடக்கும். வயதானவர்களுக்கு அதிகம் வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். "ஏன் இவருக்கு?" என்ற கேள்விக்குப் பல சமயம் தற்செயல் என்பதுதான் நேர்மையான பதில். தயவுசெய்து உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வைரஸ் என்றீர்களே, அப்படியானால் புற்றுநோய் தொற்றுமா?

பதில்: நோயாளியைத் தொட்டாலோ, அவரோடு சாப்பிட்டாலோ தொற்றாது. சில கிருமிகள் தொற்றும், அவை பல வருடங்கள் கழித்துப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். இதன் கதை ஒரு கோழியில் தொடங்குகிறது. 1911இல் பேட்டன் ரௌஸ் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்லோ பாக்டீரியாவோ புக முடியாத வடிகட்டியில் வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது. அந்தச் சாற்றில் இருந்தது ஒரு வைரஸ். பல வருடம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு வந்தபோது ஆண்டு 1966, அவருக்கு வயது 87.

எனக்கு இதைவிடப் பிடித்தது அப்புறம் நடந்தது. அந்த வைரஸில் கட்டியை உண்டாக்கும் மரபணு எங்கிருந்து வந்தது என்று பிஷப், வார்மஸ் குழுவினர் தேடினார்கள். 1976இல் விடை கிடைத்தது. அது கோழியின் சொந்த மரபணு! வைரஸ் எப்போதோ அதைக் கோழியிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் உறவுக்காரர் நம் செல்களிலும் இருக்கிறார், தினசரி வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு. வெளியிலிருந்து வரும் எதிரி என்று தேடப் போனவர்கள், நம் செல் வளரத் தேவையான மரபணுவே கெட்டுப்போய்ப் புற்றுநோயைத் தருகிறது என்ற இடத்தில் வந்து நின்றார்கள். இன்று நாங்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளைத்தது.

கேள்வி: அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய். எனக்கும் வந்தே தீருமா?

பதில்: வந்தே தீரும் என்றில்லை. எல்லாப் புற்றுநோய்களிலும் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் நேர்கிறது. ஆனால் நெருங்கிய சொந்தத்தில் இருவருக்கு என்பதால், மரபணு ஆலோசகர் ஒருவரை அவசியம் பாருங்கள். அவர்களுக்கு எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் உண்டா, ஆண்கள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பிஆர்சிஏ (இந்தப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள மரபணு) பரிசோதனையை முடிந்தால் முதலில் நோய் வந்தவருக்குச் செய்வது நல்லது. அவரிடம் என்ன கோளாறு என்று தெரிந்தால்தான் உங்களிடம் அது இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

கேள்வி: சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுக்கின்றன என்பது நிஜம். 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் இதைக் கவனித்தார். கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதும் இதனால்தான். ஆனால் நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டிக்கு முன்னால் நீங்கள்தான் மெலிவீர்கள். சிகிச்சையின்போது எடை குறைவது நல்லதல்ல. இனிப்பைக் குறைப்பது வேறு, பட்டினி வேறு.

கேள்வி: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை தினமும் போட்டால் புற்றுநோய் வராமல் தடுக்கலாமா?

பதில்: வேண்டாம். காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பழைய ஆய்வுகள் காட்டின. அவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட்தான் காப்பாற்றுகிறது என்று பலரும் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் அதைச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நல்லது செய்யும் என்று கொடுத்தது கெடுதல் செய்தது. அந்தச் சோதனையை நடத்தாமல் விட்டிருந்தால், இன்னும் அதை நாமே விரும்பி விழுங்கிக்கொண்டிருப்போம்.

கேள்வி: அப்போ மூலிகை எல்லாம் பொய்யா?

பதில்: இல்லை. நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அதைப் பிரித்தெடுத்து, அளவு கண்டு, மனிதர்களிடம் சோதித்த பிறகுதான் மருந்தானது. அந்தச் செடி நஞ்சுள்ளது, வீட்டில் அரைத்துக் குடிக்காதீர்கள்.

கேள்வி: எலிக்குக் குணமாகிவிட்டது என்று மாதம் ஒரு செய்தி வருகிறது. அந்த மருந்தெல்லாம் எங்கே போகிறது?

பதில்: எனக்கும் வலிக்கும் கேள்வி இது. பல ஆய்வுகளில் எலிக்குக் கட்டியை நாங்களே வைக்கிறோம். சில வாரங்களில் வளர்ந்த, ஒரே மாதிரி செல்கள் நிறைந்த கட்டி. மனிதரின் கட்டி வருடக்கணக்காக உள்ளே இருந்து, உடலின் எதிர்ப்புச் சக்திக்குத் தப்பி, மாறி மாறி வளர்ந்தது. எலியில் கரைவது இங்கே கரையாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. மனிதர்களிடம் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளில் பத்தில் ஒன்றுகூடக் கடைசி வரை தேறுவதில்லை. அதனால் செய்தியைப் படிக்கும்போது, தட்டில் வளர்த்த செல்லா, எலியா, மனிதரா என்று முதலில் பாருங்கள். மனிதர் என்றால், எந்தச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள், கட்டி சுருங்கியதா அல்லது ஆயுளே கூடியதா என்று பாருங்கள். சுருங்குவதும் கூடுதல் நாள் வாழ்வதும் ஒன்றல்ல.

கேள்வி: இம்யூனோதெரபி எல்லோருக்கும் வேலை செய்யுமா?

பதில்: இல்லை. கிருமிகளையும் கெட்ட செல்களையும் தாக்கும் நம் டி செல்களுக்குத் தடைபோடும் புரதங்கள் உண்டு. கட்டி அந்தத் தடையைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்கிறது. தடையை நீக்கினால் டி செல்கள் கட்டியைத் தாக்கும் என்று காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. இந்தச் சிகிச்சை மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும், சில நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களிலும் நன்றாகப் பலன் தருகிறது. கணையத்தில் பெரும்பாலும் பலனில்லை. தடை நீங்கிய செல்கள் குடலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம், ஆகவே புதிதாக வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு வயது 12. எச்பிவி தடுப்பூசி போடலாமா?

பதில்: போடுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி என்ற வைரஸ் காரணம் என்று கண்டறிந்தவர் ஹரால்ட் சூர் ஹவுசன். 17 வயதுக்குள் போட்டுக்கொண்ட பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு என்று சுவீடன் ஆய்வு 2020இல் காட்டியது. என் துறையில் இவ்வளவு தெளிவான பதில் அபூர்வம்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய், நான்காவது நிலை. எங்கேயாவது புது மருந்து இருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: உண்மையைச் சொல்கிறேன். இன்றைய மருந்துகளால் இந்த நிலையில் முழுக் குணம் மிக மிக அரிது. கணையக் கட்டிகளில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் கேராஸ் என்ற மரபணு கெட்டிருக்கும். பல காலம் அதற்கு மருந்தே செய்ய முடியாது என்றிருந்தோம். ஒரு வகைக் கேராஸ் கோளாறுக்கு 2021இல் முதல் மருந்து வந்தது, நுரையீரல் புற்றுநோய்க்கு. கணையத்தில் அந்த வகை மிகக் குறைவு. மற்ற வகைகளுக்கான மருந்துகளும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அதனால் அப்பாவின் கட்டியையும் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா, சேரத்தக்க சோதனை ஏதாவது நடக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிஆர்சிஏ கோளாறு இருந்தால் அதற்கென்று தனி மாத்திரை உண்டு.

இன்னொன்று. வலி தணிப்பு மருத்துவரை இப்போதே பாருங்கள், கடைசி நாட்களுக்கென்று தள்ளிப்போடாதீர்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோயில் 2010இல் ஓர் ஆய்வு வந்தது. தொடக்கத்திலிருந்தே அந்தக் கவனிப்பும் கிடைத்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். கீமோவோடு சேர்த்தே அதைச் செய்யலாம். அப்பாவுக்கு வலி இருக்கிறதா, இரவில் தூங்குகிறாரா, எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த முறை போங்கள்.