வீட்ட அடமானம் வச்சு எம்எஸ் அனுப்பாதீங்கண்ணே

போன வாரம் ஈரோட்டுல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. பொண்ணு எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிக்கப்போகுது, சாயப்பட்டறை கழிவுத்தண்ணிய வடிகட்டற மெம்ப்ரேன்ல ப்ராஜெக்ட். நியூஜெர்சில இருக்கற மாமா "கெமிஸ்ட்ரிலாம் வேலைக்காகாது, அமெரிக்கா வந்து டேட்டா சயின்ஸ்ல எம்எஸ் போட்டாதான் நிரந்தரமா தங்கற க்ரீன் கார்டு"ன்னு சொல்லிட்டாராம். 55 லட்சம் லோன். பேசி முடிக்கற வரைக்கும் அந்தம்மா பத்திர ஜெராக்ஸ் இருந்த மஞ்சப்பைய மடியில இருந்து எறக்கவே இல்ல.

முதல்ல தைரியம் சொல்லலாம்னுதான் நெனச்சேன், ஆனா முடியல. பொண்ணோட அப்பாகிட்ட சொன்னது இதுதான்: அண்ணே, எம்எஸ் முடிச்சாலும் வேலை விசாவான எச்-1பிக்கு குலுக்கல், அதுல விழுந்தா கம்பெனி மனசு வச்சு ஈபி-2ங்கற க்ரீன் கார்டு பிரிவுல போடணும், அந்த க்யூல இந்தியால பொறந்தவங்க 10 வருஷத்துக்கு மேல நிக்கறாங்க. மாமா போன காலம் வேற.

யாரும் சொல்லாத வழி ஒண்ணு இருக்கு. ஈபி-1ஏ, அசாதாரணத் திறமை உள்ளவங்களுக்கான க்ரீன் கார்டு பிரிவு. பேர கேட்டு நோபல் பரிசு வேணும்னு பயந்துடறாங்க, அப்படியில்ல. 10 அளவுகோல்ல குறைஞ்சது 3 காட்டணும், அதுக்கப்புறம் மொத்தமா பாத்து இவங்க அந்தத் துறைல மேல் வரிசைல இருக்காங்களான்னு முடிவு பண்ணுவாங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மூணு இயல்பா வரும்: ஜர்னல் பேப்பர், மத்தவங்க பேப்பர ரிவ்யூ பண்றது, துறைக்கே புதுசா குடுத்த பங்களிப்பு. இதுல மூணாவதுதான் கஷ்டம், பேப்பர் எண்ணிக்கை மட்டும் போதாது, அத வச்சு வேற யாரோ எதையோ செஞ்சிருக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ரிவ்யூ கேட்டு வந்த மெயில், முடிச்சதும் வந்த நன்றி மெயில் எல்லாத்தையும் முதல் வருஷத்துல இருந்தே தனி ஃபோல்டர்ல போட்டு வச்சான், நேர்ல பாத்தே இராத ஒரு ஜெர்மன் விஞ்ஞானி "இவரோட முறைய எங்க லேப்ல பயன்படுத்தறோம்"னு லெட்டர் குடுத்தார், கேஸ தூக்கி நிறுத்தினது அந்த ஒரு லெட்டர்தான்.

இதுக்கு கம்பெனி ஸ்பான்சர் வேணாம், க்ரீன் கார்டு மனுவான ஐ-140 ஃபார்ம நாமளே போடலாம். ஃபீஸ் 715 டாலர், சொந்தமா போடறவங்க அதுக்கு மேல இன்னொரு 300 டாலர் கட்டணும், வக்கீல் வச்சா அது தனி. இதுலயும் இந்தியர்களுக்கு க்யூ இருக்கு, மறைக்க மாட்டேன், ஆனா ஈபி-2 அளவுக்கு இல்ல. அந்த மாதிரி ஆராய்ச்சி சேர்க்க மொதல்ல பிஎச்டி பண்ணட்டும், அமெரிக்கால நல்ல டிபார்ட்மெண்ட்ல ட்யூஷன் தள்ளுபடி பண்ணி மாசாமாசம் ஸ்டைபெண்டும் தருவாங்க, அஞ்சாறு வருஷம் ஆகும். ஃபண்டிங் இல்லாத அட்மிஷன் வந்தா வேணாம்னு எழுதிடுங்க, இதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

"காசு கட்டுங்க, இன்டர்நேஷனல் அவார்டு வாங்கித் தரோம்"னு வர்ற ஏஜென்ட்ட வாசல்லயே நிறுத்துங்க. வாங்கின அவார்டு ஃபைல்ல இருந்தா அவ சொந்தமா உழைச்ச பேப்பர் மேலயும் சந்தேகம் விழும்.

இன்னொண்ணு, க்ரீன் கார்டுக்காக பிஎச்டி பண்ண வைக்காதீங்க, லேப் பிடிக்காத புள்ளையால ஆறு வருஷம் தாங்க முடியாது. உங்க பொண்ணுக்கு பிடிச்சிருக்கு. டேட்டா சயின்ஸ் பத்தி நான் கேட்டப்ப தலைய குனிஞ்சுகிட்டவ, மெம்ப்ரேன்ல அடைப்பு ஏன் வருதுன்னு கேட்டதும் என் மேசை மேல இருந்த பேப்பர எடுத்து படம் போட ஆரம்பிச்சுட்டா. நிறைய டிபார்ட்மெண்ட்டுக்கு டிசம்பர்லதான் கடைசி தேதி, இந்த வாரமே அஞ்சாறு ப்ரொபசருக்கு மெயில் எழுதச் சொல்லுங்க. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்.