பிரமிடுக் கற்களை எப்படிக் கொண்டு வந்தார்கள்?
கிரேன் இல்லாத காலத்தில் அவ்வளவு கல்லை எப்படி நகர்த்தினார்கள் என்பது கேள்வி. வேற்றுக்கிரகவாசிக் கதையை விடுங்கள், வேலை பார்த்தவரின் நாட்குறிப்பே கிடைத்திருக்கிறது. 2013-இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகள் அவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தூரா குவாரியில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றியது, வழியில் இரவு தங்கியது, கீசாவில் இறக்கியது என நாள்வாரியாக எழுதியிருக்கிறார். எகிப்திய மன்னர் கூஃபுவின் பெரிய பிரமிடுக்கான கல். பத்து நாளில் இரண்டு மூன்று நடை.

சரி, தரையில்? மரச்சறுக்குதான். சுமார் 700 ஆண்டு பிந்திய ஜெஹூதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில் ஆட்கள் பெரிய சிலையைக் கயிறு கட்டி இழுக்க, சறுக்கின் முன்நுனியில் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். சடங்கு என்றுகூடச் சொன்னார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஈரமணலில் இழுவிசை பாதியாகக் குறைந்தது. அளவாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.