வெடித்தது சீட்டா, ஹெட்டா?

கேள்வி: என் பழைய புரோட்டோன் வீரா 1.5, தோட்டத்து மண் சாலையில் ஓடுகிற வண்டி. இரண்டு முறை ரேடியேட்டர் கொதித்துவிட்டது. இப்போது காலையில் எஞ்சின் குலுங்குகிறது, மேட்டில் இழுவையே இல்லை. ஃபோர்மென் (மெக்கானிக்) கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று, பார்த்தார். மூன்றாவது சிலிண்டரில் குறைவு. "வால்வு சீட் வெடித்துவிட்டது, ஹாஃப் கட் (வெட்டிய பழைய வண்டிச் சாமான்) கடையில் வேறு ஹெட் (எஞ்சினின் மேல் பகுதி) எடுத்துப் போடலாம்" என்கிறார். ஹெட்டை இன்னும் கழற்றவில்லை. என் மாமாவோ, "வால்வில் தேய்ப்புப் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் போதும், காசைக் கொட்டாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஹெட்டைக் கழற்றாமலே சீட் வெடித்தது ஃபோர்மெனுக்கு எப்படித் தெரிந்ததாம்? அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, மறுபடி கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ, ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டோ. வண்டி கொதித்திருப்பதால் கேஸ்கெட்டையும் விட்டுவிட முடியாது. அந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே காற்று அடித்துப் பார்க்கலாம்: எக்ஸாஸ்ட் குழாயில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

வால்வுதான் என்று தெரிந்து ஹெட்டைக் கழற்றினால், அடுத்த கேள்வி: விரிசல் எதில்? வீராவின் ஹெட் அலுமினியம். வால்வு உட்காரும் சீட், அதில் இறுக்கிப் பதித்த தனி இரும்பு வளையம். வளையம் மட்டும் வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். விரிசல் அலுமினியத்துக்குள் இறங்கி, தண்ணீர் ஓடும் வழியைத் தொட்டிருந்தால்தான் வேறு ஹெட் தேடும் பேச்சு.

மாமா சொல்வதும் ஒரேயடியாகத் தப்பில்லை. குச்சி நுனியில் இருக்கும் ரப்பர் கப்பை வால்வில் ஒட்டி, மோர் மத்தை உருட்டுவது போல இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுவார்கள். முதலில் நறநறவென்று கேட்கும்; சத்தம் அடங்கியதும் துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகச் சின்னக் குழிகள் இருந்தால் இந்த வைத்தியம் போதும். தேய்ந்து பள்ளமான சீட்டை இப்படித் தேய்த்துக்கொண்டே இருந்தால் அகலம்தான் கூடும்.

அப்படிப்பட்டதை எஞ்சினியரிங் கடையில் 45 டிகிரிக்கு வெட்ட வேண்டும். வெட்டும் கருவியின் தண்டு, வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடுக்குள்தான் நிற்கும். கைடு ஆடினால் சீட்டும் கோணலாகத்தான் வரும். மலிவு வேலைகள் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். கைடை அளந்தார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

புது வளையம் போடுவதானால் குழியைக் கடைந்து, ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தை உறைய வைத்து, இறுக்கமாக இறக்குவார்கள். பழைய குழியிலேயே தட்டி இறக்கி, ஓரத்தில் பஞ்ச் வைத்து நாலு குத்து குத்தினால் போதும் என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். ஓட்டத்தில் வளையம் கழன்று விழுந்தால் பிஸ்டனும் போச்சு.

ஹாஃப் கட் ஹெட் வாங்கத்தான் வேண்டும் என்றால், அதுவும் எங்கோ கொதித்த வண்டியிலிருந்து வந்திருக்கலாம். பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) செய்து, மட்டம் பார்த்த பிறகு பணத்தை நீட்டுங்கள்.

வேலை முடிந்த ஹெட்டை எஞ்சினில் ஏற்றுவதற்கு முன், பிளக்கை மாட்டி, குப்புறக் கவிழ்த்து, வால்வுகள் தெரியும் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். சில நிமிடம் கழித்துப் பக்கவாட்டுத் துவாரங்களில் விரலை விட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். கொதித்ததற்குக் காரணமான ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் இரண்டையும் பார்க்காமல் விட்டால் இத்தனையும் தண்டச் செலவு.

பில்லில் 'டாப் ஓவர்ஹால்' என்று ஒற்றை வரி வேண்டாம். சீட், கைடு, கேஸ்கெட், கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தவுக்கே (கடைக்காரர்) வாய்மொழியாகச் சொன்ன கேரண்டியை அங்கே நிரூபிப்பது கஷ்டம். பில்லிலேயே எழுதி, கடை முத்திரை குத்தச் சொல்லுங்கள்.