2013 ஜீப் கிராண்ட் செரோக்கி எஸ்ஆர்டி8 வாங்கலாமா, 2015 எஸ்ஆர்டி வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறீர்கள், இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டும் கிராண்ட் செரோக்கியின் அதிவேக வகை. ஒன்று 2013 எஸ்ஆர்டி8, 78,000 மைல் ஓடியது. இன்னொன்று 2015 எஸ்ஆர்டி, 83,000 மைல், விலை ஐயாயிரம் டாலர் அதிகம். இரண்டிலும் அதே 6.4 லிட்டர் ஹெமி இன்ஜின்தானே, பிறகு எதற்கு ஐயாயிரம் கூடக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நானும் டெட்ராய்ட் பக்கம்தான், நோவையில் இருக்கிறேன். ஆறு வருடமாக 2014 மாடல் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் கோயம்புத்தூர் நண்பன் ஒருவன் 2012 வைத்திருந்தான், இரண்டு குளிர்காலம் அதை மாற்றி மாற்றி ஓட்டினோம். அதனால் இரண்டின் குணமும் எனக்குப் பழக்கம்.

அந்த ஐயாயிரம் கியர்பாக்ஸுக்கு. என் கணக்கில் அது கொடுக்கத் தகுந்த பணம். ஆனால் இன்ஜின் விஷயத்தில், 2015 என்பதற்காக உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கூடுதலாகக் கிடைக்காது. 2013-ல் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு 2015-லும் பயப்படத்தான் வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் கியர்பாக்ஸ். 2012, 2013-ல் இருப்பது ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். டைம்லரும் கிரைஸ்லரும் ஒரே நிறுவனமாக இருந்த காலத்தில் மெர்சிடிஸ் பக்கத்திலிருந்து வந்த வடிவமைப்பு அது. உறுதியான பெட்டி, சுலபத்தில் உடையாது. ஆனால் முதல் கியர் விகிதம் 3.59, அடுத்தது 2.19. இடையில் பெரிய பள்ளம். 2014-ல் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் வடிவமைத்த எட்டு கியர் பெட்டி வந்தது. அதில் முதல் கியர் 4.71, அடுத்தது 3.14, அதற்கடுத்தது 2.11. வண்டியின் எடை 5,150 பவுண்டு, அதாவது இரண்டேகால் டன்னுக்கு மேல். இவ்வளவு கனமான உடம்பை நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது அந்த முதல் கியர் செய்கிற வேலை காலிலேயே தெரியும்.

காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2013-க்கு 470 குதிரைத்திறன், 2015-க்கு 475. இரண்டுமே 60 மைல் வேகத்தை ஐந்து விநாடிக்குள் தொட்டுவிடும். தினசரி ஓட்டத்தில்தான் தெரியும். ஐ-96 நெடுஞ்சாலையில் 65 மைலில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் ஒரு லாரி, இடது பாதைக்கு மாற வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பழைய பெட்டி ஒரு கணம் யோசிக்கும். அப்புறம் இரண்டு கியர் கீழே இறங்கி, இன்ஜின் ஒரே தாவாகத் தாவி உறுமும். நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் அம்மா ஒவ்வொரு தடவையும் முன் சீட்டைப் பிடித்துக்கொள்வார். புதிய பெட்டியில் அந்தத் தாவல் இல்லை. எந்த வேகத்திலும் பக்கத்திலேயே ஒரு கியர் தயாராக இருக்கும். அதே அம்மா என் வண்டியில் ஆன் ஆர்பர் வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அரசு அளவீட்டில் 2013-க்கு நகரத்தில் கேலனுக்கு 12 மைல், நெடுஞ்சாலையில் 18. எட்டு கியர் வந்தபின் 13, 19. கலந்து பார்த்தால் 14-க்கு 15. வருடம் 10,000 மைல் ஓட்டினால் ஏறக்குறைய 48 கேலன் மிச்சம். பிரீமியம் பெட்ரோல் கேலன் நான்கு டாலர் என்று வைத்தால் சுமார் 190 டாலர்தான் வரும். பெட்ரோலை மட்டும் நினைத்து வாங்கினால் அந்த ஐயாயிரத்தை மீட்க 26 வருடம் ஆகும்.

2014-ல் மாறிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 8.4 அங்குலத் தொடுதிரை, ஸ்டீயரிங் பின்னால் டிஜிட்டல் மீட்டர், முகப்பு விளக்குகளில் எல்இடி. இழுவைத் திறன் 7,200 பவுண்டு. 2012-ல் அது 5,000-தான், படகு வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். பிரெம்போ பிரேக், பில்ஸ்டீன் சஸ்பென்ஷன், 20 அங்குலச் சக்கரம் எல்லாம் இரண்டிலும் உண்டு. இதற்கும் முந்தைய 2006-2010 வண்டியை, அதாவது 6.1 லிட்டர் இன்ஜினும் நடுவில் இரட்டைச் சைலன்சர் குழாயும் உள்ளதை, வாங்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். அதன் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் குடும்பத்தோடு தினமும் ஓட்ட அது வேண்டாம்.

இப்போது இன்ஜினுக்கு வருகிறேன், நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஹெமி பழைய பாணி புஷ்ராட் இன்ஜின். கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது, அதன் மேல், வால்வுகளைத் திறக்க உதவும் உருளை வைத்த லிஃப்டர்கள் ஏறி இறங்குகின்றன. லிஃப்டர் உருளைக்குள் ஊசி போன்ற மெல்லிய பேரிங்குகள். அவை தேய்ந்தால் உருளை சுழலாமல் கேமை உரசும், கேமின் முனை தேயும், அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு இன்ஜின் முழுக்கச் சுற்றும். அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் செய்கிற பெரிய வேலை. எண்ணெய் மாற்றத் தாமதிப்பதும், வண்டியை மணிக்கணக்கில் ஐடிலில் விடுவதும் இதற்குக் காரணம் என்று ஹெமியிலேயே காலம் கழித்த மெக்கானிக்குகள் சொல்வார்கள். நம் ஊர்க் குளிரில் சீட்டைச் சூடாக்க ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து அரை மணி விடுகிற பழக்கம் பலருக்கு உண்டு, முந்தைய உரிமையாளரிடம் அதையும் கேளுங்கள். இன்ஜினுக்கு 0டபிள்யூ-40 முழு சிந்தெடிக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், ஏழு குவார்ட் பிடிக்கும். நான் 5,000 மைலுக்கு ஒரு தடவை மாற்றுகிறேன்.

டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே லிஃப்டர் என்று ஓடிவிடவும் வேண்டாம். இந்த இன்ஜினில் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெரும்பாலும் பின்கோடியில் இருப்பவை, உடைவது உண்டு. அந்த இடுக்கு வழியாகப் புகை கசியும்போதும் அதே டிக் டிக்தான் வரும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் சத்தம் இருந்து, சூடேறச் சூடேற உலோகம் விரிந்து அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் போல்ட். சூடான பிறகும் அடங்காமல் இருந்தாலோ கூடினாலோ அது லிஃப்டராக இருக்க நிறைய வாய்ப்பு. போல்ட் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். லிஃப்டர் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

இதைச் செய்து பார்க்க இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்திருக்க வேண்டும். நான் வண்டி தேடியபோது ஓஹையோ எல்லையில் ஒரு விற்பனையாளரிடம் 2014 ஒன்று இருந்தது. கறுப்பு, உள்ளே சிவப்புத் தோல், பார்த்ததும் மனசு போய்விட்டது. பிப்ரவரி மாதம், காலை ஒன்பதரை. வரிசையில் நின்ற எல்லா வண்டிமேலும் உறைபனி படிந்திருந்தது, அது ஒன்றின் பானெட் மட்டும் ஈரமாக இருந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், கதகதப்பு. உங்களுக்காகத்தான் சூடாக்கி வைத்தேன் என்றார் அந்த மனிதர், அன்பாகத்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். மூன்று நாள் கழித்து, சொல்லாமல், கடை திறக்கும் நேரத்துக்கு நானும் நண்பனும் போய் நின்றோம். அன்று பானெட் பனிக்கட்டியாக இருந்தது. அவன் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான், நான் வலது முன் சக்கரத்தின் பக்கம் குனிந்து நின்றேன். முதல் இரண்டு விநாடி எல்லா இன்ஜினும் போடுகிற சத்தம். அதற்கப்புறம் தையல் மெஷின் மாதிரி ஒரு தட்டல் தனியாகப் பிரிந்து கேட்டது. இருபது நிமிடம் விட்டோம், ஒரு சுற்று ஓட்டினோம், திரும்பி வந்து குனிந்தேன். அதே தட்டல், இன்னும் தெளிவாக. சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நடுவில் 16,000 மைலுக்கு எண்ணெய் மாற்றிய தடமே இல்லை. அந்தச் சிவப்புத் தோல் சீட் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது, ஆனால் விட்டுவிட்டு வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

கியர்பாக்ஸையும் கேட்காமல் விடாதீர்கள். எட்டு கியர் பெட்டியின் எண்ணெயை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பெட்டியை வடிவமைத்த இசட்எஃப் நிறுவனமே 50,000 முதல் 75,000 மைலுக்குள் மாற்றச் சொல்கிறது. 83,000 மைல் ஓடிய உங்கள் 2015-ல் அது நடந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஐந்து கியர் பெட்டியில் ஒயர்களை இணைக்கும் 13 பின் கனெக்டர் வழியாக எண்ணெய் கசியும். சின்ன ரப்பர் வளையம், சின்னச் செலவு. ஆனால் கசிவை வருடக்கணக்கில் விட்டால் எண்ணெய் ஒயர் வழியே ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரைக்கும் போய்விடும்.

அடுத்தது, பழுதைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்த (ரீகால்) விவகாரங்கள். 2014, 2015 மாடல்களின் கியர் லீவர் எந்த கியரில் போட்டாலும் நடுவுக்கே திரும்பிவிடும். பார்க்கில் போட்டுவிட்டோம் என்று நினைத்து மக்கள் இறங்கிவிட, வண்டி உருண்டது. 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க ஏறக்குறைய 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஜூன் மாதமே ஆன்டன் யெல்சின் என்ற இளம் நடிகர் தன் வீட்டு வாசல் சரிவில் தன்னுடைய 2015 கிராண்ட் செரோக்கி உருண்டு நசுக்கி இறந்துபோனார். இருபத்தேழு வயது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: 2015-ஐ எடுத்தால், திரும்ப அழைத்தபோது கொடுத்த, கதவைத் திறந்ததும் தானே பார்க்குக்குப் போகிற மென்பொருள் போட்டிருக்கிறதா என்று ஊர்ஜிதம் செய்யாமல் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். போட்டிருந்தாலும் ஹேண்ட் பிரேக் போடுகிற பழக்கம் வேண்டும். 2016-லிருந்து லீவரையே மாற்றிவிட்டார்கள். அந்த வருட வண்டி உங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தால் இரண்டையும் விட்டு அதைப் பாருங்கள். தொடுதிரை வழியாகத் தொலைவிலிருந்து ஊடுருவ முடியும் என்று தெரிந்து 2015-ல் 14 லட்சம் வண்டிகளுக்கு இன்னொரு மென்பொருள் வந்தது, அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2013 பக்கம் கவனிக்க வேண்டியது டிஐபிஎம் என்கிற மின் விநியோகப் பெட்டி. 2011-2013 கிராண்ட் செரோக்கிகளில் பல வண்டிகளுக்கு எரிபொருள் பம்ப் ரிலே பழுதாகி, ஓடும்போதே நின்றன என்று புகார் வந்து, திரும்ப அழைப்பும் நடந்தது. உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம். 17 இலக்க வின் நம்பரை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டால், செய்யாமல் பாக்கி இருப்பது எல்லாம் வந்துவிடும். காசில்லை, இரண்டு நிமிட வேலை.

அப்புறம் உப்பு. டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, குளிர்காலம் முழுக்க நம் சாலையெல்லாம் உப்புதான். மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பிரேக் குழாய்களையும் பின் சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேமையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பூச்சு மினுங்குகிறது என்பதற்காக அடிப்பக்கம் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. டயர் 295/45 அளவு, சீப்பாகக் கிடைக்காது. நான்கும் ஒரே கம்பெனியா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நான்கு சக்கர இழுவைப் பெட்டிக்கு அது முக்கியம். கோடை டயர் போட்டிருந்தால் நவம்பரில் மாற்றியே ஆக வேண்டும். நண்பனின் வண்டி முதல் பனி நாளில், பிரெம்போவெல்லாம் இருந்தும், ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டித்தான் நின்றது. எதிரே யாரும் வராதது அதிர்ஷ்டம்.

உங்கள் இரண்டு வண்டிக்கும் என் வரிசை இப்படி. இரண்டும் குளிர்ந்த ஸ்டார்ட்டில் அமைதியாக இருந்து, இரண்டுக்கும் எண்ணெய் ரசீது ஒழுங்காக இருந்தால் 2015, யோசிக்கவே வேண்டாம். 2013-க்கு ரசீது முழுசாக இருந்து 2015-க்கு இல்லையென்றால் 2013-ஐ எடுத்து, அந்த ஐயாயிரத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். நல்ல பனிக்கால டயரும் பதினாறு ஸ்பார்க் பிளக்கும் போக மிச்சம் இருக்கும். ஆமாம், எட்டு சிலிண்டருக்குப் பதினாறு.

சனிக்கிழமை பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளி இரவே இரண்டு பேருக்கும் போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டில் கை வையுங்கள். சத்தத்தை வைத்து முடிவு செய்ய முடியவில்லையென்றால், சூடாவதற்கு முன் ஒரு நிமிடமும் சூடான பின் ஒரு நிமிடமும் போனில் பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.