ஏற்றும் மூடையும் ஓடும் வீதியும்: பிக்கப் வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிக்கப் பற்றியவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் வன்னியிலுள்ள ஒரு கமக்காரருக்கு எட்டாத விலையிலேயே நிற்கிறது. எழுதியவர்கள் எல்லோரும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய வாகனங்களையே பார்த்து வைத்திருக்கிறார்கள். சேர்த்த காசு முழுவதையும் ஒரு வாகனத்தில் போடப் போகிறவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்பதால், முதற் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு ஆறு ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் உண்டு. நெல்லை ஆலைக்கும் மரக்கறியைச் சந்தைக்கும் ஏற்றவும், நாரி வருத்தமுள்ள அப்பாவை மாதம் ஒருமுறை வைத்தியத்துக்காக யாழ்ப்பாணம் கூட்டிச் செல்லவும் இரண்டு வரிசை இருக்கையுள்ள ஒரு டபிள் கப் பிக்கப் தேடுகிறேன். ஏறத்தாழ ஒரே விலையில் மூன்று வாகனங்கள் வந்துள்ளன: 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 2.5, அதே ஆண்டு இசுசு டி-மக்ஸ் 3.0, 2009ஆம் ஆண்டு மிட்சுபிசி எல்-200 2.5. குலுக்கம், நம்பிக்கை, டீசல் ஆகிய மூன்றிலும் எது நல்லது? ஒரு நடைக்கு 25 மூடையாவது ஏற்ற வேண்டும்.
– ஒரு கமக்காரர், முரசுமோட்டை

பதில்: தம்பி, எது நல்லது என்று பார்ப்பதற்கு முன் உங்கள் 25 மூடைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நெல் மூடை 65 கிலோ என்று வைத்தால் 25 மூடை 1,625 கிலோ. டபிள் கப் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அது தாங்குவதற்கென்று செய்யப்பட்ட பாரம் ஏறத்தாழ ஒரு தொன்தான். அந்த ஒரு தொன்னுக்குள் உள்ளே இருக்கும் ஆட்களின் நிறையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள். நீங்களும் இரண்டு உதவியாட்களும் ஏறினால் 200 கிலோ போய்விடும். மிஞ்சுவது 12 மூடைக்கான இடம். இதற்கு மேல் ஏற்றினால் வாகனம் ஓடும், அன்றைக்கு ஒன்றும் நடக்காது. ஆனால் பின்வில்லின் தகடுகள் நேராகிப் படிந்து விடும், பின்சில்லின் பெயரிங் சூடேறும், பிறேக் பிடித்தபின் நிற்கும் தூரம் நீளும், ஓரிரண்டு போகத்தில் செசியில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில், வில் கொழுவியிருக்கும் இடத்தில் வெடிப்புக் காணும். அறுவடைக் காலத்து 25 மூடைக்கு உழவு இயந்திரப் பெட்டியையோ வாடகைக் கன்ரர் லொறியையோ பிடியுங்கள். ஆண்டில் சில நாட்கள் வரும் அந்த வேலைக்காக வாங்கும் வாகனத்தை முறிக்க வேண்டாம்.

இனிக் குலுக்கம். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் பின்னால் இருப்பது தகட்டு வில். ஒரு தொன்னைத் தாங்க அடுக்கிய தகடுகள் வெறும் வாகனத்தின் பாரத்துக்கு அசைந்து கொடுக்காததால்தான், மூடை ஏற்றிய பிக்கப் மெத்தென்று போவதும் வெறுமையாகத் திரும்பும்போது எலும்பை உலுப்புவதும் நடக்கின்றன. முன்பின் சில்லுகளுக்கு இடைப்பட்ட நீளம் ஹைலக்ஸில் 3,085 மில்லிமீற்றர், டி-மக்ஸில் 3,050, எல்-200இல் 3,000. இடைவெளி நீளமாக இருந்தால் மேடு பள்ளத்தில் தூக்கிப் போடுவது குறையும் என்பது உண்மையாயினும், இந்த மூன்றுக்குமிடையே உள்ள வித்தியாசம் உங்கள் அப்பாவின் நாரிக்குத் தெரியப் போவதில்லை. தெரியப் போவது ரயரின் காற்று. சென்ற ஆண்டு ஒருவர் தன்னுடைய டபிள் கப்பை விற்கப் போவதாகவும், கிறவல் வீதியில் மனைவியால் அதில் இருக்கவே முடியவில்லை என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மானியை வைத்துப் பார்த்தபோது நான்கு ரயரிலும் 50 பி.எஸ்.ஐ. இருந்தது. லொறிக்கு அடிப்பதுபோல யாரோ அடித்து விட்டிருந்தார்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் வெறுமையாக ஓடும்போது எவ்வளவு, பாரத்தோடு ஓடும்போது பின்ரயருக்கு எவ்வளவு என்று தனித்தனியே அச்சடித்திருப்பார்கள். அந்தத் தாளின்படி காற்றை இறக்கி, காய்ந்து போயிருந்த வில்லு புஷ்களையும், எண்ணெய் வடிந்திருந்த பின் ஷொக் இரண்டையும் மாற்றினோம். அவர் வாகனத்தை விற்கவில்லை. உங்கள் அப்பாவை முன் இருக்கையில் இருத்துங்கள்; பின் இருக்கை பின்னச்சுக்குக் கிட்ட இருப்பதோடு அதன் முதுகுச் சாய்வும் நிமிர்ந்தது, நாரி வருத்தக்காரருக்கு அது ஆகாது.

நம்பிக்கை என்று வரும்போது மூன்று எஞ்சினையும் பிரிக்கும் முக்கியமான விடயம் ஒன்று உண்டு. ஹைலக்ஸின் 2,494 சி.சி. எஞ்சினும் எல்-200இன் 2,477 சி.சி. எஞ்சினும் ரைமிங் பெல்ட்டில் ஓடுபவை; வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது அந்தப் பெல்ட்தான். டி-மக்ஸின் 2,999 சி.சி. எஞ்சினில் அதே வேலையைச் சங்கிலி செய்கிறது. பெல்ட் அறுந்தால் எச்சரிக்கை எதுவும் இருக்காது. வால்வுகள் பிஸ்டனில் மோதி, நடு வீதியில் எஞ்சினின் மேற்பாதி பாழாகி விடும். எல்-200இல் பெரிய பெல்ட்டுக்குப் பின்னால், அதிர்வைக் குறைக்கும் அச்சுக்கென்று இன்னொரு சிறு பெல்ட்டும் ஓடுகிறது. சிலர் பெரியதை மட்டும் மாற்றிவிட்டுச் சிறியதை விட்டு விடுகிறார்கள். அந்தச் சிறியது அறுந்து பெரியதற்குள் சிக்கி, புதிய பெல்ட்டையும் சேர்த்து இழுத்துப் போன எஞ்சின்களைக் கழற்றியிருக்கிறேன். பெல்ட் எஞ்சின் எதையும் மாற்றாமல் 100,000 கிலோமீற்றர் ஓட விடுவதில்லை என்பது என் நடைமுறை. இருபது ஆண்டு ஓடிய வாகனத்தின் மீற்றர் சொல்லும் கணக்கை நம்ப முடியாது என்பதால், எப்போது மாற்றியது என்று எழுத்தில் காட்ட முடியாவிட்டால், வாங்கிய கிழமையே பெல்ட்டை, எல்-200 என்றால் இரண்டையும், மாற்றும் செலவை வாகனத்தின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சங்கிலியும் சாகாவரம் பெற்றதல்ல. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது முன்பக்கத்தில் சில நொடிகளுக்கு மேல் கலகலவென்ற சத்தம் கேட்டால் அது தளர்ந்து விட்டது என்று பொருள்.

டீசலைப் பொறுத்தவரை 3.0 எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்ற எண்ணம் பாரம் ஏற்றுபவருக்கு அப்படியே பொருந்தாது. 12 மூடையோடு சிறிய எஞ்சினை மூன்றாம் கியரில் வதைத்து ஓட்டுவதும், பெரிய எஞ்சினை நான்காம் கியரில் ஆறுதலாக ஓட்டுவதும் தாங்கியில் ஏறத்தாழ ஒரே கணக்கில்தான் வந்து நிற்கும். மூன்றுமே நல்ல நிலையில் இருந்தால் லீற்றருக்கு 9 முதல் 12 கிலோமீற்றருக்குள் ஓடும் என்பதே என் பட்டறிவு. மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 9இற்கும் 12இற்கும் இடையே 42 லீற்றர் வித்தியாசம் வருகிறது. அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வண்டியின் பெயரல்ல, சாரதியின் கால்.

ஆகவே செசியும் எஞ்சினும் மூன்றிலும் ஒரே நிலையில் இருந்தால் நான் டி-மக்ஸை எடுப்பேன். ஹைலக்ஸுக்கு மீள்விற்பனை விலை உயர்வு என்பதால் அதே காசுக்குக் கிடைக்கும் ஹைலக்ஸ் பெரும்பாலும் கூடுதலாகத் தேய்ந்ததாகவே இருக்கும். எல்-200 திரும்பும் ஆரம் 5.9 மீற்றர், ஒடுங்கிய ஒழுங்கைக்கு மிக நல்லது, உதிரிப்பாகமும் தாராளம். ஆனால் "ஒரே நிலையில் இருந்தால்" என்பதை மறக்க வேண்டாம். செசி உக்கிய டி-மக்ஸை விட, பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டோடு வரும் எல்-200 எவ்வளவோ மேல். காசு கொடுப்பதற்கு முன், செசியில் குத்தியிருக்கும் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய்க் கைவிடப்பட்ட வாகனங்களின் கூடுகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்படியான நிலத்தில் ஒரு வாகனத்தின் பாகம் இன்னொன்றில் ஏறியிருப்பது புதுமையல்ல. ஆனால் இலக்கம் பொருந்தாத வாகனத்தைப் பின்னர் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாமல் போகும்.

கேள்வி: முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றுவதற்காக, ஒரு வரிசை இருக்கை மட்டுமுள்ள ஒரு சிங்கிள் கப் பார்த்தேன். அடியெல்லாம் புதிதாகக் கறுப்பு மை பூசி நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு மீன் வியாபாரி, முள்ளியவளை

பதில்: அம்மா, புதிதாகப் பூசிய கறுப்பு மைதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வாகனத்தின் கீழே போய், பின்சில்லுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடத்தையும், வில்லின் பின்முனை கொழுவியிருக்கும் இடத்தையும் அதன் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று ஒலிக்கும்; உக்கியது மட்டையைத் தட்டுவதுபோல அமுங்கிய சத்தம் தரும். ஒருமுறை அப்படித் தட்டிய இடத்தில் திருப்புளியின் முனை மையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனதும், ஒரு கைப்பிடி செந்துகள் என் முகத்தில் கொட்டியதும் இன்றும் நினைவில் இருக்கிறது. வாங்க வந்தவர் பக்கத்தில்தான் நின்றார்.

மீன் வாகனத்தை அழிப்பது கடற்காற்றை விட ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர்தான். அது தட்டின் இணைப்புகளுக்குள்ளால் இறங்கிச் செசியின் உட்குழாயில் தங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும். ஆகையால் வெளியில் பூசும் மை அதைத் தடுக்காது. பெட்டிக்கு ஒரு குழாய் வைத்து நீரைச் சில்லுக்குப் பின்னால் நேரே நிலத்தில் விழச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் வீடு வந்ததும் நன்னீரால் கீழ்ப்பகுதியைக் கழுவுங்கள். செசியின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் நீர் வடிவதற்காக விடப்பட்டவை, அவற்றைச் சேறு அடைக்க விடாதீர்கள். சிங்கிள் கப் என்ற உங்கள் தெரிவு சரியானதே. டபிள் கப்பின் தட்டு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர்தான். இதில் இரண்டேகால் மீற்றர் வரை கிடைக்கும்.

கேள்வி: வாங்கும்போது லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றார்கள். எனக்கு 9தான் வருகிறது. ஏமாந்து விட்டேனா?
– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: எப்படி அளந்தீர்கள் என்பதை எழுதவில்லையே. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில் ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிப் பழகிய நாம், அளக்கும் முறையில் மட்டும் இன்னும் கவனயீனமாகவே இருக்கிறோம். காட்டி முள் பாதிக்கு வந்தால் பாதித் தாங்கி என்று கொள்வது பிழை. தாங்கியை விளிம்பு வரை நிரப்பி மீற்றரைக் குறித்து, குறைந்தது 300 கிலோமீற்றர் ஓடி, அதே நிலையத்தில் அதே விளிம்பு வரை மீண்டும் நிரப்பி, இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுங்கள்.

அதற்குப் பிறகும் 9தான் வந்தால் ரயரைப் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் 225/70 அளவு ரயரின் விட்டம் ஏறத்தாழ 69.6 சென்ரிமீற்றர், அழகுக்காகவும் உயரத்துக்காகவும் பலர் மாட்டும் 255/70 ரயருக்கு அது 73.8. அதாவது வாகனம் உண்மையில் 106 கிலோமீற்றர் ஓடும்போது மீற்றர் 100 என்றே காட்டும். உங்கள் 9 உண்மையில் 9.5 ஆக இருக்கலாம். பெரிய ரயரைச் சுழற்ற எஞ்சினுக்குக் கூடுதல் வேலை என்பது வேறு. ஏ-9 வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடுபவராயின் ஒரு தாங்கியை 70இல் ஓடி முடித்துப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 70இல் உள்ள எதிர்ப்பைப்போல இருமடங்கு 100இல் வந்து விடுகிறது, பெட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் பிக்கப்புக்கு அது பெரிய சுமை. இத்தனையும் செய்து மாற்றமில்லையென்றால், சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப் பிறேக் இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இடம்பெயர்ந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடினோமே. இப்போது டீசலோடு கொஞ்சம் கலந்தால் என்ன?
– ஒரு வாசகர், மல்லாவி

பதில்: பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறையில் நானும் ஒருவன். வேறு வழியில்லாமல் செய்தோம். அன்றைய இயந்திரங்களும் பொறுத்துக்கொண்டன. எல்லா இன்ஜெக்டருக்கும் (எரிபொருளைப் பீச்சும் உறுப்பு) ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய கொமன் ரெயில் எஞ்சினில் எரிபொருள் 1,600 பார் அளவிலான அழுத்தத்துக்கு உயர்த்தப்படுகிறது. உங்கள் ரயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் என்றால் வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் பம்பின் உள்ளுறுப்புகளை வழுக்கச் செய்வது டீசலின் எண்ணெய்த்தன்மை மட்டுமே. மண்ணெண்ணெயில் அது குறைவு. பம்ப் உரசி உதிரும் உலோகத்தூள் நான்கு இன்ஜெக்டரையும் கெடுத்து விடும். கானிலோ பரலிலோ டீசல் சேர்த்து வைப்பவர்கள் இன்னொன்றையும் செய்யுங்கள்: பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை மாதத்துக்கு ஒருமுறை வடித்து விடுங்கள்.

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் மாரியில் சேறு. 4 சில்லும் இழுக்கும் வாகனம் கட்டாயமா?
– ஒரு வாசகி, வவுனியா

பதில்: மாரியில் வயல் வழியே நாள்தோறும் போவீர்களானால் ஆம்; கிறவல் வீதியோடு திரும்பி விடுவீர்களானால் நல்ல கட்டையுள்ள ரயரும் தட்டில் இரண்டு மூடைப் பாரமும் போதும். வாங்கினால், காய்ந்த தார் வீதியில் 4 சில்லு நிலையில் ஓடாதீர்கள். வளைவில் முன்சில்லும் பின்சில்லும் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டியிருப்பதால் இடையிலுள்ள தண்டுகள் முறுக்குண்டு கியர்ப்பெட்டி சேதமாகும். நெம்புகோலில் 4எச்-உடன் (முன்பின் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நிலை) 4எச்எல்சி (அவற்றை ஒன்றாகப் பூட்டும் நிலை) என்றும் தனியாகக் குறித்திருக்கும் எல்-200கள் மட்டும் இதற்கு விலக்கு; அவற்றில் 4எச் நிலையைத் தாரிலும் பயன்படுத்தலாம். கோடையில் தேவைப்படாவிட்டாலும் மாதம் ஒருமுறை மணல் வழியொன்றில் அந்த நெம்புகோலைப் போட்டுச் சில நூறு மீற்றர் ஓடுங்கள். ஓடாமல் கிடக்கும் முன்பகுதிக்கு அப்போதுதான் எண்ணெய் பரவும், மாரியில் இழுக்கும்போது நெம்புகோல் இறுகி நிற்காது.