தீப்பெட்டி நமுத்துப்போனால் மலையில் நெருப்பு மூட்டுவது எப்படி?

கேள்வி: டிசம்பரில் கொடைக்கானல் பக்கம் நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்கினோம். பனியில் தீப்பெட்டி நமுத்துவிட்டது, லைட்டரும் பற்றவில்லை. இவை இரண்டும் இல்லாமல் நெருப்பு மூட்ட முடியுமா? கட்டையைக் கடைந்தால் தீ வருமா?

பதில்: முடியும். ஆனால் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். ஆகவே நான் சொல்வதெல்லாம் அனுமதியுள்ள முகாமுக்கு மட்டும்.

லைட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடுங்குளிரில் அதிலுள்ள பியூட்டேன் சரியாக ஆவியாகாது. சட்டைக்குள் உடம்போடு ஒட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும்.

அடுத்த முறை ஒரு ஃபெரோ ராட் வாங்கி வையுங்கள். விரல் நீள உலோகக் குச்சிதான், கத்தி முதுகால் உரசினால் பொறி பறக்கும். நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். புதிதாக இருந்தால் மேலே உள்ள கறுப்புப் பூச்சை முதலில் சுரண்டிவிட வேண்டும். கத்தியின் முதுகைப் பொறி விழ வேண்டிய பஞ்சுக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, குச்சியைப் பின்பக்கமாக இழுங்கள். பலரும் கத்தியை முன்னால் தள்ளுகிறார்கள். அது பஞ்சில் இடித்து எல்லாவற்றையும் சிதறடித்துவிடும்.

பொறி வருவது சுலபம், அது விழுகிற இடம் காய்ந்திருப்பதுதான் கஷ்டம். நம் மலைகளில் மூடுபனி எதையும் விடாது. அதனால் பற்றவைக்கும் பொருளை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். சாதாரணப் பஞ்சில் பாதிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கொடைக்கானல் குளிரில் எண்ணெய் உறைந்து நெய் மாதிரி இருக்கும், ஒழுகாது. தடவாத பாதியை நன்றாகப் பிய்த்து விட்டால் பொறி அதில் பிடிக்கும். எண்ணெய்ப் பாதி நின்று எரியும். அதற்குள் சுள்ளி பற்றிவிட வேண்டும்.

முகாமில் தரும் விறகு வெளியே ஈரமாக இருந்தாலும், பிளந்தால் நடுவில் காய்ந்த பகுதி கிடைக்கும். அதைக் கத்தியால் மெல்லிய சுருள்களாகச் சீவி முதலில் வையுங்கள். ஊட்டிப் பக்கம் என்றால் கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) உரிந்த காய்ந்த பட்டை இதற்கு அருமையானது.

ஒன்பது வோல்ட் பேட்டரியின் முனைகளை மெல்லிய இரும்புப் பஞ்சில் தொட்டாலும் கனல் ஓடும். ஆனால் பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான ஸ்டீல் சுருள் இதற்கு உதவாது. ஹார்டுவேர் கடையில் மெருகேற்றுவதற்கு விற்கும் சன்னமான ரகம் வேண்டும். பூதக்கண்ணாடி வெயில் இருந்தால் சரி, பனிமூட்டத்தில் வீண்.

கட்டை கடைவது உண்மையான வித்தை. நீலகிரியில் தோடர்கள் சடங்குகளுக்கு அப்படித் தீ எடுத்த வழக்கம் உண்டு. எந்த மரம், எவ்வளவு காய்ந்தது என்று கைக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆசையாக இருந்தால் வீட்டில் பழகுங்கள். ஈரக்காற்றில் நடுங்கிக்கொண்டு அதை நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம், பைன் சருகு மெத்தையாகக் கிடக்கும் இடத்தில் மூட்டவே வேண்டாம். மேலே அணைந்தாலும் அடியில் கனல் ஊர்ந்து போகும். காய்ந்த மாதங்களில் யார் அனுமதித்தாலும் தவிர்த்துவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்ததை நாம் பார்த்தோம். கிளம்பும் முன் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோனால் துளிச் சூடும் தெரியக் கூடாது.