வட்டி எட்டு வீதம், என்ன செய்ய?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 29 வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். வயது 57. முழங்கால் வலி தாங்க முடியாமல் அடுத்த மாதத்தோடு வேலையை விடப்போகிறேன். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 9 இலட்சம், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) ஒன்றரை இலட்சம் வரும் என்கிறார்கள். வங்கியில் கேட்டால் வருடத்துக்கு 8 வீதம்தான் வட்டியாம். கொழும்பில் ஓரிடத்தில் மாதம் 5 வீதம் தருகிறார்கள் என்று அண்ணன் மகன் சொல்கிறான். மகள் கறவை மாடு வாங்கச் சொல்கிறாள். பிள்ளைகளிடம் கையேந்தாமல் இருந்தால் போதும் எனக்கு.

– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, நீங்கள் ஒரு காசை மறந்துவிட்டீர்கள். அதுதான் சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் தோட்டம் கொடுக்க வேண்டும். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் 29 வருடத்துக்கு 406 நாள். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தாலும் 5,48,100 ரூபா. ஆக உங்கள் கைக்கு வருவது பத்தரை இலட்சம் அல்ல, ஏறக்குறைய 16 இலட்சம்.

சரி, இப்போது வட்டி. 2022 கடைசியில் பிக்சட்டுக்கு, அதாவது நிலையான வைப்புக்கு, இருபது வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். அதை நினைத்துத்தான் எல்லோருக்கும் மனக்குறை. நான் அப்போது ஹட்டனில் ஒரு வங்கியில் கவுண்டரில் இருந்தேன். அடுத்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். அந்த செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தின வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. கை நிறைய வட்டி வாங்கிப் போனவர்கள், மாவும் சீனியும் வாங்குவதற்குள் அது கரைந்துவிட்டது என்று வந்து சொல்வார்கள். வட்டி வீதத்தை மட்டும் பார்த்து எது நல்ல காலம் என்று சொல்லிவிட முடியாது.

உங்களுக்கு வேண்டியது மாதாமாதம் ஒரு சம்பளம். 16 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் மாதம் சுமார் 10,600 ரூபா வட்டி. முதலைத் தொடவே கூடாது என்றில்லை. வட்டியோடு முதலிலும் கொஞ்சம் சேர்த்து மாதம் 12,500 எடுத்தால், இதே வட்டி நீடித்தால், காசு 24 வருடம் வரும். உங்களுக்கு அப்போது 81 வயது. 15,000 எடுத்தால் பதினைந்தரை வருடம். 20,000 எடுத்தால் பத்து வருடம்கூட வராது. விலைவாசி ஏறும், அது உண்மை. அதனால்தான் 12,500இல் தொடங்கச் சொல்கிறேன். பிறகு கூட்டிக்கொள்ள இடம் வேண்டும்.

மூன்று இலட்சத்தை முழங்கால் வைத்தியத்துக்கு என்று சாதாரண சேமிப்பில் வையுங்கள். அது வைத்தியத்துக்கே போய்விட்டால், மீதி 13 இலட்சத்தில் மாதம் 12,500 எடுப்பது 24 வருடத்துக்கு அல்ல, ஏறக்குறைய 15 வருடத்துக்குத்தான் வரும். மீதியை ஒரே பிக்சட்டாகப் போடாமல் நாலாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரிப் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் எடுக்கலாம், மற்ற மூன்றும் அசையாது. வட்டி ஏறினால் அடுத்து முதிர்கிறதை ஏறிய வட்டிக்குப் போடலாம். இரண்டு வங்கிகளில் வையுங்கள். ஒரு வங்கி விழுந்தால் காப்புறுதியில் கிடைப்பது ஆளுக்கு 11 இலட்சம் வரைதான். வட்டியில் 10 வீதத்தை வரியாகக் கழிப்பார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்லித் தர மாட்டார்கள், நீங்களே கேளுங்கள்.

மாதம் 5 வீதம் என்றால் வருடத்துக்கு 60. அவ்வளவு இலாபம் எந்தத் தொழிலில் வருகிறது என்று அண்ணன் மகனிடம் கேளுங்கள். புதிதாகச் சேருகிறவரின் காசைப் பழையவருக்கு வட்டி என்று கொடுப்பார்கள். ஆள் சேருவது நின்ற அன்று கதவு பூட்டியிருக்கும். மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாத இடத்தில் ஒரு ரூபா வைக்காதீர்கள். பிள்ளை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மாடு நல்ல யோசனைதான், பால் காசு தினம் வரும். ஆனால் மேட்டில் ஏறிப் புல் அறுக்க வேண்டும், அந்த முழங்காலோடு முடியாது. மகள் அறுப்பாள் என்றால் மகளின் காசில் வாங்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். 1996இல் அவர் வேலையை விட்டபோது செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில்) ‘மாரியாய்’, அடையாள அட்டையில் ‘மாரியம்மா’. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க 14 மாதம் அலைந்தோம். அதுவரை கடைக்கடனிலும் வட்டிக்கடனிலும் குடும்பம் ஓடியது. காசு வந்த அன்றே பாதி கடனுக்குப் போனது. அடையாள அட்டையையும் ஈ.பி.எப். விவரத்தையும் எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போய், பெயர், பிறந்த தேதி, அட்டை இலக்கம் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பிழை இருந்தால் நீங்கள் வேலையில் இருக்கும்போதே திருத்தித் தரச் சொல்லுங்கள்.